மாவில் விழுந்த மழை

மழை வந்தால் வெளியே நிற்பவர்கள் வீட்டுக்குள் ஓடுவார்கள். அது உலக வழக்கம். வீட்டுக்குள் இருந்த ஒருவர், மழைச் சத்தம் கேட்டதும் ஒரு தட்டு நிறைய மாவை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினால் ஊரார் என்ன நினைப்பார்கள்? அப்படி ஓடிய மனிதர் ஒருவர் இருந்தார். அவர் பெயர் வில்ஸன் பென்ட்லி.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வெர்மான்ட் என்ற மாகாணம். அங்கே ஜெரிக்கோ என்ற சிற்றூரில் 1865ஆம் ஆண்டு பென்ட்லி பிறந்தார். மாடு கறப்பதும் நிலம் உழுவதும் குடும்பத் தொழில். அவருடைய தாயார் ஒரு காலத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பையனுக்குப் பெரும்பாலும் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். பழைய மைக்ராஸ்கோப் ஒன்றையும் அவன் கையில் கொடுத்தார். மகன் அதன் அடியில் வைத்துப் பார்த்தது பனித் துகளை. இருபது வயது நிறையச் சில வாரங்களே இருக்கும்போது, 1885 ஜனவரியில், மைக்ராஸ்கோப்பையும் காமிராவையும் இணைத்து அதைப் படம் எடுத்துவிட்டார். பிறகு ஆயுள் முழுவதும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். உலகம் அவரை அறிவது அந்தப் பனிப் படங்களுக்காகத்தான்.

நான் சொல்ல வந்தது அவருடைய மழையைப் பற்றி.

பனித் துகளைக் குளிர்ந்த பலகையில் ஏந்திக்கொள்ளலாம். மழைத்துளியை எப்படி ஏந்துவது? கையில் விழுந்தால் ஈரம். பாத்திரத்தில் விழுந்தால் தண்ணீர். மழைமானி இத்தனை அங்குலம் என்று சொல்லிவிடும். அது பெருந்துளிகளாக வந்ததா, பொடித் தூறலாக வந்ததா என்று கேட்டால் அதற்கு வாய் இல்லை. வியன்னாவில் வீஸ்னர் என்ற தாவர சாஸ்திரி 1895ல் உறிஞ்சு காகிதத்தில் துளிகளை விழவிட்டு, கறையின் அகலத்தைக் கொண்டு கணக்குப் பார்த்தார். பென்ட்லிக்கு அடுப்பங்கரையே வழி காட்டிற்று. ஆழமில்லாத தகரத் தட்டில் ஓர் அங்குல உயரத்துக்கு மாவைத் தளர்வாகப் பரப்பினார். மழையில் சில விநாடிகள் நீட்டினார். துளி விழுந்த இடமெல்லாம் மாவு திரண்டு சிறு உருண்டையாயிற்று. உலர்ந்த பிறகு உருண்டைகளைப் பொறுக்கி அளந்தார்.

உருண்டையின் அளவுதான் துளியின் அளவு என்பதற்கு என்ன சாட்சி? அந்தக் கேள்வியையும் அவரே கேட்டுக்கொண்டார். அளவு தெரிந்த துளிகளை உயரத்திலிருந்து மாவில் சொட்டவிட்டுப் பார்த்தார். இரண்டும் ஏறக்குறைய ஒத்து வந்தன. அதற்குப் பிறகுதான் நம்பினார். எழுபது மழைகளில் 344 அளவீடுகள் சேர்ந்தன. மிகப் பெரிய துளி கால் அங்குலம். அதற்கு மேல் அகப்படவில்லை. மேகத்தின் வகையையும் துளியின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தவர், உயரத்துப் பனி உருகியும் மழை வருகிறது, பனியே இல்லாமலும் மழை வருகிறது என்ற முடிவுக்கு வந்தார். இதையெல்லாம் 1904ல் அமெரிக்க வானிலை இலாகாவின் மாதப் பத்திரிகையில் வெளியிட்டார்.

அதே 1904ல், ஜெர்மனியின் கீல் நகரச் சர்வகலாசாலையில் பிலிப் லெனார்ட் என்ற பேராசிரியரும் மழையைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு வேறோர் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றவர் அவர். கீழிருந்து மேலே காற்றை ஊதி, அதில் துளிகளை மிதக்கவிட்டுச் சோதித்தார். ஐந்தரை மில்லிமீட்டரைத் தாண்டிய துளி சில விநாடிகளில் உடைந்து சிதறிற்று. பென்ட்லியின் கால் அங்குலம் ஆறு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். மாவுத் தட்டும் பேராசிரியரின் யந்திரமும் கிட்டத்தட்ட ஒரே எல்லையைச் சொல்லிவிட்டன!

பேராசிரியருக்குப் பரிசு வந்தது. குடியானவருக்கு என்ன வந்தது? ஒன்றும் வரவில்லை. பல வருஷங்கள் அவருடைய மழைக் கட்டுரையைச் சீந்துவார் இல்லை. பென்ட்லி மறுபடி பனிக்கே திரும்பிவிட்டார்.

மழைத்துளிக்கு மதிப்பு வந்தது மண் போன பிறகுதான். 1930களில் அமெரிக்காவில் நல்ல விளைநிலங்கள் காற்றிலும் வெள்ளத்திலும் பறிபோயின. மண்ணைப் பெயர்ப்பது ஓடுகிற தண்ணீர் மட்டும் அல்ல, ஓங்கி விழுகிற துளியும்தான் என்று தெரிந்தபோது, துளியின் பருமனும் வேகமும் சோற்றுப் பிரச்னை ஆகிவிட்டன. மண் பாதுகாப்பு இலாகாவைச் சேர்ந்த லாஸ் என்பவர் 1941ல், விழும் துளிகளைக் காமிராவில் பிடித்து வேகத்தைக் கணக்கிட்டார். 1943ல் அவரும் பார்ஸன்ஸும் துளியின் அளவைக் காண எதை எடுத்தார்கள் தெரியுமா? பென்ட்லியின் மாவைத்தான்.

கன், கின்ஸர் என்ற இருவர் 1949ல் வேகத்தை இன்னும் நுட்பமாக அளந்தார்கள். ஒரு மில்லிமீட்டர் துளி விநாடிக்கு நான்கு மீட்டர். இரண்டு மில்லிமீட்டர் துளி ஆறரை. எவ்வளவு பருத்தாலும் ஒன்பதைச் சற்றுத் தாண்டியதும் நின்றுவிடும். காற்று மட்டும் தடுக்காவிட்டால், ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் துளி 140 மீட்டர் வேகத்தில் நம் தலையில் இறங்கும். நாம் மழையில் நனைந்து விளையாடுவது காற்று காட்டும் தயவு.

இதற்குள் யுத்தம் ரேடாரைக் கொண்டுவந்துவிட்டது. ரேடார் மழையைத் தூரத்திலிருந்தே பார்க்கும். ஆனால் ஏமாறவும் ஏமாறும். ஒரு மில்லிமீட்டர் துளிகள் எட்டைச் சேர்த்தால் இரண்டு மில்லிமீட்டர் துளி ஒன்று. தண்ணீர் அதேதான், ரேடாரில் தெரியும் எதிரொலியோ எட்டு மடங்கு! துளியின் அளவு தெரியாமல் ரேடாரை மட்டும் நம்பி வெள்ளம் வரும், வராது என்று சொன்னால் ஆற்றங்கரையில் இருப்பவர்கள் கதி என்ன ஆவது?

ஆகவே துளிகளை ஒன்று விடாமல் எண்ண ஒரு கருவி வேண்டியிருந்தது. 1990களில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் அப்படி ஒன்றைச் செய்தார்கள். டிஸ்ட்ரோமீட்டர் என்று பெயர். பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு திறப்பு. செங்கோணத்தில் இரண்டு காமிராக்கள். எதிரே இரண்டு விளக்குகள். துளி விழும்போது அதன் நிழலை இரண்டும் விநாடிக்குப் பல்லாயிரம் முறை கோடு கோடாகப் பதிவு செய்கின்றன. ஒன்றின் ஒளித்தளம் மற்றதைவிட ஆறேழு மில்லிமீட்டர் கீழே இருக்கிறது. மேல் ஒளியைக் கடந்த துளி கீழ் ஒளியைத் தொட, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகிறது. அந்த இடைவெளியிலிருந்து வேகம். இரண்டு நிழல்களிலிருந்து பருமனும் உருவமும். சித்திரக்காரர்கள் வரைகிற கண்ணீர்த் துளி உருவம் அங்கே தென்படுவதே இல்லை. சின்னத் துளி உருண்டை. பெரிய துளி அடி தட்டி, ஏறக்குறைய நம் வீட்டு இட்லி.

2014ல் வானில் ஏவிய மழை அளக்கும் செயற்கைக்கோள் சொல்வது சரிதானா என்று பார்ப்பதற்கும் இந்தக் காமிராக்களே தரையில் நின்று சாட்சி சொல்லியிருக்கின்றன. அதற்கு முந்திய ஆண்டே அயோவா மாகாணத்து வயல்வெளிகளில் இவற்றை வரிசையாக வைத்து மழையைப் பிடித்தார்கள். ‘கருவி சொல்கிறதே, அது நிஜமா?’ என்று ஜெரிக்கோவில் பென்ட்லி தம் மாவைப் பார்த்துக் கேட்ட அதே கேள்விதான் அங்கேயும்.

பென்ட்லி 1931 டிசம்பரில் நிமோனியா கண்டு காலமானார். அவருடைய பனிப் படப் புத்தகம் அதே ஆண்டில்தான் வெளிவந்திருந்தது. மழை வேலைக்கு உரிய பெருமையை, டங்கன் பிளாஞ்சார்டு என்ற மேக ஆராய்ச்சியாளர் 1970களில் தேடி எடுத்துச் சொல்லும்வரை, அதிகம் பேர் அறியவில்லை. மாவு துளியின் வேகத்தைச் சொல்லாது, காமிரா சொல்கிறது. ஆனாலும் ஒவ்வொரு துளிக்கும் தனித்தனியே ஒரு கணக்கு உண்டு என்று நம்பி, நனைந்துகொண்டே தட்டை நீட்டிய அந்தக் கையை நினைக்காமல் இந்தக் கருவியின் கதையைச் சொல்வது நியாயமாகாது.