மலைவழியின் கடுமையை அளந்த வரலாறு: நெயிஸ்மித் கணக்குக்கு ஒரு மறுப்பு

செங்குத்தான மலைவழிகளின் கடுமையை மதிப்பிடும் முறைக்கு வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் 1892-இல் தொடங்குகின்றனர். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெயிஸ்மித் அவ்வாண்டு ஒரு கணக்கு வகுத்தார்: 3 மைல் தொலைவுக்கு 1 மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் மேலும் 1 மணி நேரம். இறக்கத்துக்கு எரிக் லாங்மியூர் தந்த கணக்கு உட்பட, பின்னர் வந்தவை பலவும் இதன் திருத்தங்களே. இந்தத் தொடக்கத்தை இக்கட்டுரை ஏற்கவில்லை.

நெயிஸ்மித் கண்டது பயண நேரத்தை. உடல் திடமுள்ளவர், நடக்கத்தக்க பாதை, இயல்பான வானிலை என்னும் எல்லைக்குள் அவர் கணக்கு இன்றும் பயன்படுகிறது. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஏறும் உயரமே கடுமை என்ற எண்ணத்தை அது ஊன்றிவிட்டது. பாசி படர்ந்த பாறையும் காய்ந்த பாறையும் அதற்கு ஒன்றே. பிள்ளையை இடுப்பில் வைத்து நடப்பவளும் வெறுங்கையோடு நடக்கும் இளைஞனும் ஒன்றே. ஐப்பசியும் பங்குனியும் ஒன்றே. இறங்குவதற்கு அதில் தனிக்கணக்கே இல்லை. மலையில் கால் தவறுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான்.

விருத்தாசலம் போன்ற பீங்கான் ஊரில் இக்குறையை விளக்குவது எளிது. ஹெர்மன் செகர் 1886-இல் வகுத்த சூளைக் கூம்பு, சூடு எத்தனை டிகிரி என்று மட்டும் சொல்வதில்லை. அந்தச் சூடும் அது நீடித்த நேரமும் சேர்ந்து மண்ணை என்ன செய்தன என்பதைத் தானே குழைந்து சாய்ந்து காட்டுகிறது. மலைவழியின் அளவையும் நடப்பவருக்கு நேர்வதையே காட்ட வேண்டும்.

அத்தகைய அளவை தமிழில் முன்பே உண்டு. பத்துப்பாட்டின் கடைசி நூலான மலைபடுகடாத்தில், மன்னன் நன்னனிடம் பரிசில் பெறப் போகும் கூத்தர் கூட்டத்துக்குப் பெருங்கௌசிகனார் மலைவழியை விளக்குகிறார். நூலின் காலம் பற்றிக் கருத்து வேறுபாடு தீரவில்லை. சங்க கால இறுதி என்பதற்கு மேல் நான் வலியுறுத்தமாட்டேன். எப்படிக் கொண்டாலும் நெயிஸ்மித்துக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்தியது.

583 அடிகளில் என்னை நிறுத்தி வைப்பது ஏறத்தாழ 190 முதல் 225 வரையுள்ள பகுதி. பன்றிக்கு வைத்த கல்பொறிகள் இருக்கும் வழி. ஆகவே இருளில் போகாமல் விடிந்தபின் போகச் சொல்கிறார். பரல் நிறைந்த பள்ளங்களில் பாம்பு பதுங்கும். கவனித்துக் கடக்க வேண்டும். தினைப்புனக் காவலர் யானையை விரட்ட வீசும் கவண்கல் பாய்ந்து வரும். மரத்தின் பின் மறைந்துகொள்ள வேண்டும். முதலை கிடக்கும் ஆழ்ந்த மடுவை ஒட்டிக் காட்டாற்று வழி வழுக்கும். அங்கே கொடி சுற்றிய பற்றுக்கோட்டைப் பிடித்து, பிள்ளைகளோடு ஒருவரை ஒருவர் காத்துக் கடக்க வேண்டும். நீர்ப்பாசி மூடிய இடத்தில் கால் தளரும். வழியோரத்துச் சிறுமூங்கிலையும் நாணற்கோலையும் பற்றிப் போக வேண்டும்.

இவை புலவரின் மிகைக்கூற்று என்று ஒதுக்குவோர் உண்டு. யானையையே இழுக்கும் முதலை மிகைதான். ஆயினும் அச்சமூட்டுவதே நோக்கமானால் மாற்று சொல்ல வேண்டிய தேவை இல்லை. இங்கே ஒவ்வோர் இடர்ப்பாட்டுக்கும் இடம், நேரம், கைக்கு ஒரு பிடி என்று ஏதேனும் ஒரு வழி சொல்லப்படுகிறது. கூட்டத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதும் கணக்கில் வருகிறது. இதை வருணனை என்று மட்டும் படிப்பது நூலுக்கு அநீதி.

நூல் குறிக்கும் நவிரம் என்னும் மலை திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலையே என்பது பலரும் ஏற்ற கருத்து. தென்மாதிமங்கலம் பக்கமிருந்து ஏறுவோர் உச்சிக்கு அருகே உள்ள செங்குத்துப் பகுதியைக் கடப்பாரைப் படி, ஏணிப்படி, ஆகாயப் படி என்றே பிரித்துச் சொல்கின்றனர். கடப்பாரைப் படியில் பாறையில் அடித்த இரும்பையும் சங்கிலியையும் பற்றி ஏற வேண்டும். எத்தனை அடி உயரம் என்பதைவிட எதைப் பிடித்து ஏறுவது என்பதே இங்கு வழியின் பெயராகிறது. வெள்ளியங்கிரியின் வழுக்குப்பாறையும் இவ்வகையே. சங்கப் பாட்டிலிருந்து இந்தப் பெயர்கள் வரை அறுபடாத மரபு ஒன்று ஓடுகிறது என்று நிறுவ இச்சான்றுகள் போதா. வழியை மதிப்பிடும் முறை ஒன்றே என்பதை மட்டும் துணிந்து சொல்வேன்.

மேலைநாட்டிலும் இம்முறை பிற்காலத்தில் வந்தது. சுவிஸ் ஆல்பைன் சங்கத்தின் டி1 முதல் டி6 வரையிலான தரவரிசை (2002) தடத்தின் தெளிவையும், கை ஊன்ற வேண்டுமா என்பதையும், விழும் அபாயத்தையும் பார்க்கிறது. நெயிஸ்மித்தைவிட இது பெருங்கௌசிகனாருக்கு நெருக்கமானது.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்ட மலையேறிகள் இறந்தனர். கொழுக்குமலையிலிருந்து இறங்கும் சரிவு அது. அங்கே கொன்றது உயரமன்று, கோடையில் காய்ந்த புல்லும் தீயும். அதே ஆண்டு தமிழக அரசு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய தமிழ்நாடு மலையேற்றத் திட்டம் 40 வழிகளை எளிது, நடுத்தரம், கடினம் என மூன்றாகப் பிரித்தது. ஒழுங்கு வந்தது நல்லதே. ஆனால் ‘நடுத்தரம்’ என்ற ஒற்றைச் சொல் மழைநாளில் பாறை வழுக்குமா, புல் எப்போது காயும், எந்த இடத்தில் கை பிடிக்க வேண்டும் என்று சொல்லாது. வனத்துறை ஒவ்வொரு வழிக்கும் தரத்தோடு அதன் இடர்ப்பாட்டையும், அது எழும் பருவத்தையும், அதற்கான மாற்றையும் சேர்த்து அச்சிட்டு வழி தொடங்கும் இடத்திலேயே வைக்க வேண்டும்.