நரயாமா: ஜப்பானியத் திரைப்படங்களில் முதுமையும் ஊர்க் கட்டுப்பாடும்

நரயாமா என்பது ஜப்பானிய எழுத்தாளர் ஃபுகசாவா ஷிச்சிரோவின் (1914–1987) கதையில் வரும் மலை. எழுபது வயதைத் தொட்டவர்களைப் பிள்ளைகளே முதுகில் சுமந்து சென்று இந்த மலையில் விட்டுவிட்டு வர வேண்டும் என்பது அக்கதையில் ஊர் வழக்கம். 1956இல் வெளிவந்த இக்கதையை 1958இல் கினோஷிதா கெய்சுகேயும் 1983இல் இமாமுரா ஷோஹேயும் படமாக்கினர். குடும்பம், முதுமை, மரபின் கடுமை ஆகியவற்றைப் பேசும் ஜப்பானியப் படங்களில் இவை இரண்டும் தலையாயவை.

தொன்மம்

முதியோரை மலையில் விடும் கதைகள் ஜப்பானில் 'ஒபசுதே' என வழங்குகின்றன. பத்தாம் நூற்றாண்டின் 'யமாதோ மொனொகதாரி' என்ற கதைத் தொகுப்பில், தன்னைத் தாய்போல் வளர்த்த அத்தையை மனைவியின் நச்சரிப்பால் மலையில் விட்டுவிட்டு வரும் ஒருவன், இரவெல்லாம் நிலவைப் பார்த்துத் தவித்து, அவளைத் திரும்ப அழைத்து வருகிறான். அரசாணையை மீறி மகன் ஒளித்துவைத்த முதியவரின் அறிவு நாட்டைக் காப்பாற்றும் மற்றொரு கதை, இந்தியப் பௌத்தக் கதைகளிலிருந்து சீன மொழிபெயர்ப்பு வழியாக ஜப்பானை அடைந்தது. நகானோ மாநிலத்தில் ஒபசுதே என்ற பெயரில் இன்றும் ரயில் நிலையம் உண்டு. ஆனால் முதியோரை மலையில் விடுவது பரவலான வழக்கமாக இருந்ததற்கு வரலாற்றுச் சான்று இல்லை. பஞ்சக் காலங்களில் பச்சிளங்குழந்தைகளைக் கொன்ற கொடுமைக்கோ சான்றுகள் ஏராளம்.

ஃபுகசாவாவின் கதை

பழங்கதைகளில் முதியவரைக் கைவிடுபவர் மனம் மாறுவார், முதியவர் மீள்வார். ஃபுகசாவா அந்த முடிவைக் கைவிட்டார். யமானாஷி மாநிலத்தில் பிறந்து, தோக்கியோவின் இசையரங்கில் கிதார் வாசித்துவந்த அவருக்கு, இந்தக் கதை சூஓகோரோன் இதழின் புதுமுக எழுத்தாளர் பரிசைப் பெற்றுத் தந்தது. நடுவர்களில் ஒருவர் எழுத்தாளர் மிஷிமா யுகியோ.

கதையின் நாயகி ஒரின் என்ற 69 வயதுக் கிழவி. மலைக்குப் போகத் துடிப்பவள் அவள்தான். தயங்குபவன் மகன் தாத்சுஹேய். உணவு பற்றாத ஊரில், கிழவிக்குப் பல் கெட்டியாக இருப்பது மானக்கேடு. பேரனே அதைப் பாட்டாகக் கட்டி ஊருக்குள் பாடுகிறான். ஒரின் கல்லில் மோதித் தன் பற்களை உடைத்துக்கொள்கிறாள். மனைவியை இழந்த மகனுக்குப் பக்கத்து ஊரிலிருந்து இரண்டாந்தாரமாக வரும் தாமாவிடம், தனக்கு மட்டுமே தெரிந்த மீன்பிடி இடத்தைக் காட்டிக்கொடுக்கிறாள். பேரனின் பெண்டாட்டி கர்ப்பமாக இருக்கிறாள். கொள்ளுப்பேரனைக் காணும் வரை உயிரோடு இருப்பதும் ஊரில் இளக்காரம் என்பதால் பயணத்தை விரைவுபடுத்துகிறாள். பக்கத்து வீட்டுக் கிழவரோ சாக மறுக்கிறார். அவரைச் சொந்த மகனே பள்ளத்தாக்கில் தள்ளிவிடுகிறான்.

1958: கினோஷிதா

ஷோசிக்கு நிறுவனத்தின் இப்படத்தைக் கினோஷிதா கபுகி நாடகமாகவே அமைத்தார். கறுப்புடை அணிந்த கட்டியக்காரர் படத்தைத் தொடங்கிவைக்க, திரை விலகுகிறது. ஷமிசென் இசையோடு பாடகர் கதை சொல்கிறார். ஏறக்குறைய முழுவதும் அரங்குக்குள் எடுக்கப்பட்ட படத்தில், பின்னணித் திரைகள் விழ அடுத்த இடம் தோன்றுகிறது. மனநிலைக்கேற்ப ஒளியின் நிறம் மாறுகிறது. செயற்கைத்தன்மை மிகுந்த இந்த உலகத்தில் ஒரினாகத் தனகா கினுயோவின் நடிப்பு உயிர் கொடுக்கிறது. கடைசியில் படம் நிகழ்காலத்துக்குத் தாவி, ஒபசுதே நிலையத்தையும் ரயிலையும் காட்டுகிறது. அவ்வாண்டின் சிறந்த ஜப்பானியப் படமாகக் கினெமா ஜும்போ இதழ் இதைத் தேர்ந்தெடுத்தது.

1983: இமாமுரா

இமாமுரா அரங்கை விட்டு வெளியேறி, நகானோ மாநில ஒதாரி மலைப்பகுதியில், பருவங்கள் மாறக் காத்திருந்து படமெடுத்தார். ஃபுகசாவாவின் மற்றொரு கதையையும் இதனோடு இணைத்தார். பனி உருகும் வயலில் கிடக்கும் சிசுவின் சடலம், உப்பு கொடுத்துப் பெண் குழந்தையை வாங்கிப் போகும் வியாபாரி, உணவு திருடிய குடும்பத்தை இரவோடு இரவாக உயிரோடு புதைக்கும் ஊரார் என, மலைப்பயணத்துக்குப் பின்னுள்ள பசியின் கணக்கை அவர் வெளிப்படையாக வைத்தார். மனிதரின் புணர்ச்சிக்கும் சாவுக்கும் இடையிடையே பாம்பு, தவளை, பறவை ஆகியவற்றின் காட்சிகள் வருகின்றன.

ஒரினாக நடித்த சகமோதோ சுமிகோவுக்கு அப்போது 50 வயதுகூட ஆகவில்லை. பாத்திரத்துக்காக முன்பற்களை எடுத்துவிட்டார். மகனாக நடித்தவர் ஒகாதா கென். கான் திரைப்பட விழாவில் படம் தங்கப்பனை விருது பெற்றது.

இறுதிப் பகுதி ஏறத்தாழ பேச்சே இல்லாதது. மலையில் வாய் திறக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது கட்டளை. எலும்புகளும் காகங்களும் நிறைந்த பாறைகளுக்கு நடுவே தாயை இறக்கிவிட்டு இறங்கும் மகன், பனி விழத் தொடங்கியதும் கட்டளையை மீறித் திரும்பி ஓடுகிறான். பனி விழுந்தால் நல்ல சாவு என்பது நம்பிக்கை. அதைத் தாயிடம் சொல்ல வேண்டும் அவனுக்கு. அவள் கையசைத்து அவனைப் போகச் சொல்கிறாள். மகனின் பாசம் கட்டளையை மீறுகிறது; தாயின் பாசம் கட்டளையைக் காக்கிறது. இருவர் மீதும் பழி சொல்ல இடமில்லாத இந்தத் துயரமே கதையின் பெருமை.

நகரக் குடும்பங்கள்

முதுமையின் சுமையை நகரக் குடும்பங்களைக் காட்டிய படங்களும் பேசின. ஜப்பானில் 1947இல் திருத்தப்பட்ட குடிமைச் சட்டம், குடும்பத் தலைவரின் அதிகாரத்தையும் மூத்த மகனுக்கே சொத்து என்ற முறையையும் நீக்கியது. பழைய கட்டு தளர்ந்த பின் முதியோரை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வியை ஓசு யசுஜிரோவின் 'தோக்கியோ கதை' (1953) எழுப்பியது. ஒனோமிச்சியிலிருந்து வரும் பெற்றோரைப் பார்த்துக்கொள்ள நேரமில்லாத பிள்ளைகள் அவர்களை அதாமி வெந்நீரூற்று விடுதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். போரில் இறந்த மகனின் மனைவி மட்டுமே அவர்களை மனதாரக் கவனிக்கிறாள். அப்படத்தில் ஓசுவின் உதவியாளர்களில் ஒருவர் இமாமுரா. அரியோஷி சவாகோவின் நாவலைத் தழுவித் தோயோதா ஷிரோ இயக்கிய 1973ஆம் ஆண்டுப் படம், மறதி நோயுற்ற மாமனாரைப் பராமரிக்கும் சுமை மருமகளின் தலையில் விழுவதைக் காட்டியது.

பின்வந்தவை

இமாமுராவின் மகன் தெங்கான் தைசுகே இயக்கிய 'தெந்தெரா' (2011), மலையில் விடப்பட்ட கிழவிகள் சாகாமல் தனி ஊர் அமைப்பதாகக் கற்பனை செய்தது. ஹயகாவா சியேயின் 'பிளான் 75' (2022) படத்தில், 75 வயதானவர்கள் விரும்பினால் சாக அரசே ஏற்பாடு செய்கிறது. பசித்த ஊரின் இடத்தில் வசதியுள்ள நாடு வந்துவிட்டது. மலையின் இடத்தில் விண்ணப்பப் படிவமும் கனிவான தொலைபேசிக் குரலும் இருக்கின்றன. பிறருக்குப் பாரமாக இருக்கிறோம் என்று முதியவரையே நம்பவைப்பதுதான் இவ்வழக்கத்தின் வலிமை என்பதை ஒரின் முதல் இப்படத்தின் நாயகி மிச்சி வரை இப்படங்கள் காட்டிவந்துள்ளன. பற்றாக்குறை நீங்கியும் இந்த நம்பிக்கை நீங்கவில்லை என்பதே 'பிளான் 75' சேர்த்த புதிய எச்சரிக்கை.