மாடத்தி: தெய்வமாக்கப்பட்ட குற்றம்

லீனா மணிமேகலை இயக்கிய ‘மாடத்தி’, 2019இல் பூசான் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டு, 2021இல் இணையத்தில் வெளியான சுயாதீனத் திரைப்படம்.

பிற தலித் மக்களின் துணிகளையும் தீட்டுத்துணிகளையும் வெளுக்கும் புதிரை வண்ணார்கள், கண்ணில் படுவதே தீட்டு என ஒதுக்கப்பட்டவர்கள். அச்சமூகத்துச் சிறுமி யோசனா, ஊர் அம்மனைக் கொண்டாடும் இரவில் ஆண்களின் வல்லுறவுக்கு ஆளாகி மடிகிறாள். பின்னர் மாடத்தி என்னும் தெய்வமாகிறாள்.

வஞ்சிக்கப்பட்டு மாண்ட பெண்ணுக்குப் படையலிடுவது நாட்டார் மரபு. அவ்வழிபாடு குற்றத்தின் நினைவைக் காக்கிறது. குற்றவாளியைக் கூண்டில் ஏற்றுவதில்லை.

அம்பேத்கர் சுட்டிய படிநிலைச் சமத்துவமின்மை ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் இயங்குவதை இப்படம் மறைக்கவில்லை. அக்கேள்வியைத் தலித் அரசியல் தன்னிடமே எழுப்பிக்கொள்ள வேண்டும் என நாம் கருதுகிறோம்.