பதிவுக் கோப்புச் சுழற்சி

இடைவிடாது இயங்கும் ஒரு நிரல், தான் செய்தவற்றையும் தனக்கு நேர்ந்த பிழைகளையும் வரிவரியாக எழுதிவைக்கும் லாக் கோப்பு, விதித்த அளவை எட்டியதும், அதற்கு வேறு பெயரிட்டு ஒதுக்கி, புதிய கோப்பொன்றைத் தொடங்கி, மிகப் பழையதைக் கழித்துவிடும் முறை பதிவுக் கோப்புச் சுழற்சி எனப்படும். இதனைச் செய்யாது விட்டால் வட்டு நிரம்பி, லாக்குடன் தரவுத்தளமும் மின்னஞ்சலும் சேர்ந்தே ஸ்தம்பித்துப்போகும்.

பெயரிடுவதில் பிரசித்தமானது எண்முறை. பைத்தான் மொழியின் ரொட்டேட்டிங்ஃபைல்ஹேண்ட்லருக்கு எல்லை 10,48,576 பைட் என்றும் பழைய பிரதிகள் 5 என்றும் விதித்திருந்தால், எழுதப்போகும் வரி அவ்வெல்லையைத் தாண்டும் என்று கண்டவுடனே அது 4-ஆம் பிரதியைப் பழைய 5-இன் ஸ்தானத்திலும், 3-ஐ 4-இலும் என்று கடைசியிலிருந்து நகர்த்திவந்து, ஈற்றில் ‘ஆப்.லாக்’ என்பதை ‘ஆப்.லாக்.1’ ஆக்கும். இக்கிரமம் தலைகீழானால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பிரதிகள் யாவும் நாசமாகும். எல்லை, பிரதிகளின் தொகை ஆகிய இரு எண்களில் ஒன்று பூஜ்யமாயினும் சுழற்சியே நிகழாது.

லினக்ஸில் இப்பணியைச் செய்வது எரிக் ட்ரோன் முதலியோர் இயற்றிய லாக்ரொட்டேட். அது வழக்கமாக நாளைக்கு ஒருமுறையே ஓட்டப்படுவதால், 100 மெகாபைட் என்று எல்லையிட்ட கோப்பும் இடையில் பல கிகாபைட்டாகப் பெருத்துவிடக்கூடும். அதில் ‘சிஸ்லாக்-20240315’ என்று தேதியால் பெயரிடவும் வகையுண்டு. ஒருமுறை சூட்டிய பெயர் மாறுவதில்லை. ஆண்டு முன்னிற்பதால் அகரவரிசையே காலவரிசையாகும். எண்முறையிலோ 10 என்பது 2-க்கு முன்னே போய் நிற்கும். ஆனால் ஒரே நாளில் இருமுறை சுழன்றால் பெயர் மோதிச் சுழற்சி தடைப்படும் ஆதலின், அளவை எல்லையாகக் கொண்டோர் மணியையும் பெயரில் சேர்த்தல் அவசியம்.

யாவற்றினும் நுட்பமானது பெயர்மாற்றத்துக்குப் பின் நிகழ்வது. வாசலில் எண் பலகையை மாற்றியதனால் உள்ளே உட்கார்ந்து எழுதுபவர் எழுந்து வேறு வீட்டுக்குப் போய்விடுவதில்லை; அவ்வாறே, நிரல் பிடித்திருப்பது கோப்பையே அன்றிப் பெயரை அன்று. பெயரை மாற்றியபின்னும் என்ஜின்எக்ஸ் என்னும் வலைச் சேவையகம், ‘யுஎஸ்ஆர்1’ என்னும் சமிக்ஞை கிடைக்கும்வரை, பழைய கோப்பிலேயே எழுதிக்கொண்டிருக்கும். சமிக்ஞை அறியாத நிரல்களுக்கு, கோப்பைப் பிரதி எடுத்துவிட்டு மூலத்தைக் காலியாக்கும் ‘காப்பிட்ரங்கேட்’ என்னும் உபாயம் உண்டெனினும், பிரதி முடிவதற்கும் காலியாக்குவதற்கும் இடைப்பட்ட கணத்தில் எழுதிய வரிகள் அதில் தொலைந்துபோகலாம். வேறு வழியிருக்க இதனை நாடுதல் தகாது. இன்னும், நிரல் திறந்துவைத்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர் மறையுமே தவிர இடம் மீளாது. கோப்புகளின் அளவைக் கூட்டும் ‘டியூ’ கட்டளை சில மெகாபைட் என்று காட்ட, வட்டின் மீதியிடத்தைக் கூறும் ‘டிஎஃப்’ வட்டு நிரம்பியதென்றே சொல்லும். அவ்விடம் மீள்வது நிரல் அக்கோப்பைக் கைவிட்ட பின்னரே.