பிரிந்த குடும்பங்களுக்குத் துணை நிற்போர்: அவர்தம் பயிற்சி வரலாறு பற்றி ஒரு நோக்கு

ஜலகண்டாபுரத்திலும் அதைச் சூழ்ந்த நெசவூர்களிலும் கணவனும் மனைவியும் பிரிவது இரு மனங்களின் பிரிவோடு நிற்பதன்று. கைத்தறி வீட்டில் ஆண் தறியில் அமர்ந்தால் பெண் தார் சுற்றுவாள். விசைத்தறிக் கூடத்திலோ இருவரும் மாறி மாறித் தறிமுன் நிற்பர். தறி உரிமையாளரிடம் பெற்ற முன்பணமும் இருவர் உழைப்பையும் நம்பிப் பெற்றதே. ஒருவர் வீட்டைவிட்டு அகன்றதும் தொழில் நின்றுவிடுகிறது, கடன் நிற்பதில்லை. இத்தகைய குடும்பத்தைச் சந்திக்கச் செல்பவர், ஆயராயினும் நீதிமன்ற ஆலோசகராயினும், திருமணத்தின் மேன்மையை மட்டும் அறிந்திருந்தால் போதாது. அவருக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்னும் எண்ணம் நம் நாட்டில் எவ்வாறு தோன்றியது, எங்கே தேங்கியது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

முற்காலத்தில் இப்பணி ஊர்ப் பெரியவர்களுடையதாக இருந்தது. பல சமூகங்களில் சாதிக்கூட்டம் கூடி, சீரும் நகையும் திருப்பித் தரச்செய்து, உறவைத் ‘தீர்த்து விடுவது’ வழக்கம். ‘அத்து விட்டாச்சு’ என்று மக்கள் இன்றும் கூறுவர். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம், 29ஆம் பிரிவில், வழக்காற்று முறையிலான மணவிலக்கை ஏற்று விட்டுவைத்தது என்பது நம்மில் பலர் கவனியாத செய்தி. அப்பெரியவர்களின் அறிவை ஏளனம் செய்வதற்கில்லை. யாருக்கு எவ்வளவு கடன், எந்த வீட்டில் எத்தனை தறி என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆயினும் கூட்டத்தில் பெண்ணின் சார்பில் பெரும்பாலும் தந்தையோ மாமனோ பேசினான். குழந்தையிடம் எவரும் எதுவும் கேட்டதில்லை.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இந்த வாயிலும் சட்டப்படி திறந்திருக்கவில்லை. சேலத்தில் இலண்டன் மிஷனரி சங்கம் 1827இல் பணி தொடங்கியது. அம்மிஷனின் சபைகள் வேரூன்றி வந்த காலத்தில், 1869இல், இந்திய மணவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 10ஆம் பிரிவின்படி, மனைவியின் விபசாரம் ஒன்றே கணவனுக்குப் போதிய காரணமாயிற்று. மனைவிக்கோ கணவனின் விபசாரம் மட்டும் போதாது. அதனோடு கொடுமையோ, ஈராண்டுக் காலம் கைவிட்டமையோ, அவை போன்ற பிறிதொரு குற்றமோ சேரவேண்டும். கொடுமை மட்டும் நிகழ்ந்தால் அவளுக்கு மணவிலக்கு இல்லை. மாவட்ட நீதிபதி விலக்கு அளித்தாலும் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்ய வேண்டும். எனவே, அடிபட்டு வந்த பெண்ணிடம் ‘பொறுத்துக்கொள், அம்மா’ என்று கூறிய ஆயருக்குப் பின்னால் மறைநூல் விளக்கம் மட்டுமன்று, அரசின் சட்டமும் நின்றது. 1995இல் கேரள உயர்நீதிமன்றம் அப்பிரிவின் அநீதியான பகுதிகளை நீக்கிற்று. 2001இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, இருபாலார்க்கும் ஒத்த காரணங்களையும், இருவரும் இசைந்து பிரியும் வழியையும் அளித்தது. 132 ஆண்டுகள்! இத்துணைக் காலம் ஒரு சட்டம் நிலைத்தால், அது சட்டமாக நில்லாது, ஆயரின் பேச்சு நடையாகவே மாறிவிடுகிறது. சட்டத்தைத் திருத்துவதைவிட அந்நடையைத் திருத்துவது கடினம் என்பது என் கருத்து.

பயிற்சியின் வரலாறு பிறிதொரு பாதையில் வந்தது. அமெரிக்க மராத்தி மிஷனைச் சேர்ந்த கிளிஃபர்ட் மான்ஷார்ட் 1926இல் பம்பாயின் நாக்பாடா பகுதியில் ஏழைத் தொழிலாளரிடையே ஓர் அயலவர் இல்லத்தை நிறுவினார். அங்கு அவர் கண்ட தேவையே 1936இல் டாடா அறக்கட்டளையின் துணையோடு நாட்டின் முதல் சமூகப்பணிப் பயிற்சிப் பள்ளியாக உருவெடுத்தது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952இல் சமூகப்பணிப் பள்ளியைத் தொடங்கினார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவில், நோயாளியுடன் குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் முறை வளர்ந்தது. 1970களில் அதே வேலூரில் கிறிஸ்தவ ஆற்றுப்படுத்தும் மையம் ஆயர்களுக்கும் பொதுநிலையினருக்கும் பயிற்சி அளிக்கலாயிற்று. ‘ஆற்றுப்படுத்தல்’ என்னும் சொல்லாட்சி ஈண்டு நோக்கற்பாலது. சங்க இலக்கியத்து ஆற்றுப்படையில், பரிசில் பெற்று மீளும் கலைஞன் வறுமையோடு எதிர்ப்படுவோனுக்கு வழி கூறுகிறான். அவ்வழியில் நடந்தவனே வழிகாட்டி. மேடையில் நின்று பேசுபவன் அல்லன்.

இங்கிலாந்தில் 1938இல் ஹெர்பர்ட் கிரே என்னும் பிரஸ்பிட்டேரியன் போதகர் முன்னின்று திருமண வழிகாட்டுக் குழுவைத் தொடங்கினார். தொடக்கத்தில் மணவாழ்வைக் காப்பதே அதன் நோக்கமாயிருந்தது. நாளடைவில், பிரிய முடிவுசெய்தோரையும் உடனிருந்து தாங்குவது அப்பணியின் பகுதியாயிற்று. இம்மாற்றம் நம் நாட்டில் முழுமையாக நிகழவில்லை.

குடும்ப நீதிமன்றம் வேண்டும் என்று வலியுறுத்தியவருள் முதன்மையானவர் துர்காபாய் தேஷ்முக். 1953இல் சீனாவுக்குச் சென்று அங்குள்ள முறைகளைக் கண்டபின் அவர் இதனை எடுத்துரைத்தார். சட்ட ஆணையம் 1974இல் தன் 59ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. 1984இல் குடும்ப நீதிமன்றச் சட்டம் பிறந்தது. வழக்கறிஞரை வைத்துக்கொள்வதை உரிமையாகக் கோரமுடியாது என்றும், ஆலோசகர்களை அரசு அமர்த்தவேண்டும் என்றும், முதலில் இணக்கத்துக்கு முயலவேண்டும் என்றும் அது விதித்தது. நல்ல நோக்கங்களே. ஆயினும் நீதிபதிகளின் தகுதியைக் கூறுமிடத்தில் திருமண நிறுவனத்தைப் பேணிக் காக்கும் ஈடுபாடு முதலில் வைக்கப்பட்டது. ஆதலால் ‘இணக்கம்’ என்றாலே ‘சேர்த்து வைத்தல்’ என்று நடைமுறையில் பொருள்கொள்ளப்பட்டது. மேலும், பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகையுள்ள நகரங்களுக்கே இந்நீதிமன்றம் கட்டாயம்; பிற இடங்களில் அரசின் விருப்பம். தமிழ்நாட்டில் ஆலோசகர்கள் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மாற்றப்படுகின்றனர் என்றும், ஒரே துயரைப் பெண்கள் மீண்டும் மீண்டும் புதியவரிடம் ஒப்பிக்க நேர்கிறது என்றும் முறையீடுகள் எழுந்தன. 1992இல் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையங்களிலும், புகாரோடு வரும் குடும்பத்தை அமரவைத்துப் பேசும் வேலை காவலர் தலையில் விழுந்தது.

புதிய திருப்பம் 2005இல் வந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் தமிழ்நாடு சமரச மையம் திறக்கப்பட்டது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையங்களுள் இந்தியாவில் இதுவே முதலாவது. சமரசர்களுக்கு 40 மணிநேரப் பயிற்சி நிலைபெற்றது. மணவழக்குகளில் சமரசத்துக்கு வாய்ப்பிருந்தால் தொடக்கத்திலேயே அதற்கு அனுப்பவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2013இல் கூறிற்று.

அப்பயிற்சியில் கற்பிக்கப்படுவது நம் மாணவர்க்கு வியப்பளிக்கக்கூடும். சமரசர் தீர்ப்புக் கூறார், அறிவுரையும் வழங்கார். இருவரையும் ஒருங்கே கேட்பார். பின் தனித்தனியே கேட்பார். தனியே கூறியதை அனுமதியின்றி மற்றவரிடம் உரைக்கமாட்டார். கேட்டதைத் தம் சொற்களில் திரும்பக் கூறி, ‘நீங்கள் சொன்னது இதுதானா?’ என்று உறுதிசெய்துகொள்வார். இருபது நிமிடம் இடைவிடாது பேசப் பழகிய நமக்கு இருபது நிமிடம் வாய் திறவாமல் கேட்பது எளிதன்று. சேர்ந்து ஜெபித்துவிட்டு அனுப்புவதே பேச்சுவார்த்தையின் முடிவாக நம் ஆயரகங்களில் பன்முறை அமைகிறது. எப்பொருளில் முடிவு ஏற்பட்டது, ஏற்படவில்லை என்பது எழுதப்படுவதே இல்லை.

இம்முறைக்கும் எல்லை உண்டு. அடிப்பவனும் அடிபட்டவளும் ஒரே மேசையில் சமமாக அமர இயலாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்பு அலுவலரை ஏற்படுத்தியது இதற்காகவே. அச்சம் நிலவும் வீட்டை அடையாளம் காண்பது பயிற்சியின் முதற்பாடமாக வேண்டும். சேர்த்துவைக்கும் ஆர்வம் அதனை மறைத்துவிடலாகாது.

குழந்தைகளைப் பற்றிய பகுதியே இன்றும் மிக மெலிந்தது. பெற்றோர் பிரிந்தபின்னும் இருவரும் பொறுப்பேற்கும் முறையைச் சட்ட ஆணையம் 2015இல் தன் 257ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. தாளில் எழுதுவது எளிது. தந்தை எந்தக் கிழமை வருவார், பள்ளிக் கட்டணத்தை யார் செலுத்துவர், திருவிருந்துக்கு எந்தச் சபையில் அமர்வது என்பவற்றைப் பேசித் தீர்க்க ஆள் வேண்டும். ஜலகண்டாபுரத்துக் குடும்பம் வழக்கு என்று வந்தால் மேட்டூருக்கோ சேலத்துக்கோ பேருந்து ஏறவேண்டும். ஏறிய நாளில் தறி ஓடாது, கூலி இல்லை. ஆயர் இல்லமோ சில தெருக்கள் தள்ளியே உள்ளது. ஆண்டுதோறும் குருத்துவப் பட்டம் பெறுவோருள் எத்தனை பேர் அந்த 40 மணிநேரத்தைக் கழித்துவிட்டுப் பணித்தளம் செல்கின்றனர் என்பதை நம் கல்லூரிகள் எண்ணிப் பார்க்கவேண்டும்.