என்என்டிபிலிப்

பைத்தான் நிரல்மொழியின் நிலையான நூலகத்தில் நெடுங்காலம் இருந்த தொகுதி. யூஸ்நெட் செய்திக்குழுக் கட்டுரைகளைச் சேமித்து வைக்கும் சர்வருடன், 1986-இல் வரையறுக்கப்பட்ட என்என்டிபி நெறிமுறையில் பேசும் கிளையண்ட் இது. வழக்கமான போர்ட் 119. குழுவைத் தேர்ந்தெடுத்ததும் சர்வர் 211 என்ற குறியீட்டோடு கட்டுரைகளின் உத்தேச எண்ணிக்கை, முதல் எண், கடைசி எண் ஆகியவற்றை ஒரே வரியில் அனுப்பும். அதைப் பிரித்துத் தருவது தொகுதியின் வேலை.

இதில் மிகப் பயனுள்ளது ‘ஓவர்’ என்ற அழைப்பு. முழுக் கட்டுரையையும் இறக்காமல் தலைப்பு, எழுதியவர், தேதி, பைட் அளவு போன்றவற்றை மட்டும் வாங்கிவிடலாம். மெதுவான இணைப்பில்தான் இதன் அருமை தெரியும். சர்வர் பல வரிகளில் அனுப்பும் பதிலின் முடிவைக் காட்டுவது ஒற்றைப் புள்ளி மட்டுமே உள்ள வரி. கட்டுரைக்குள்ளேயே ஒரு வரி புள்ளியில் தொடங்கினால் சர்வர் இன்னொரு புள்ளியை முன்னால் சேர்த்து அனுப்பும். அந்தக் கூடுதல் புள்ளியைத் தொகுதியே நீக்கிவிடும்.

2022-இல் வந்த பைத்தான் 3.11 பதிப்பில் இத்தொகுதி வழக்கொழிவதாக அறிவிக்கப்பட்டு, 2024-இன் 3.13 பதிப்பில் நீக்கப்பட்டது.