ஹைதராபாத் பலூன்

தரையில் படுத்திருக்கும்போது அதைப் பலூன் என்றே சொல்ல முடியாது. நீண்ட துணிவிரிப்பின்மேல் கிடத்திய பாலிஎத்திலீன் சுருள், அவ்வளவுதான். கனம் பெரும்பாலும் 20 மைக்ரான். மளிகைக் கடைப் பை இதைவிடத் தடிமன். இதை நம்பித்தான் ஹைதராபாத் ஈ.சி.ஐ.எல். பகுதியிலுள்ள பலூன் தளத்தில் நூற்றுக்கணக்கான கிலோ கருவிகளைக் கட்டி அனுப்புகிறார்கள்.

டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் அங்கே போனதற்குக் காரணம் காஸ்மிக் கதிர்கள். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்க, பூமியின் காந்தப்புலம் ஆற்றல் குறைந்த கதிர்களைத் தடுத்துவிடும். கருவியில் தேவையற்ற இரைச்சல் குறையும். ஹோமி பாபாவின் குழுவினர் முதலில் ரப்பர் பலூன்களைக் கொத்தாகக் கட்டிப் பறக்கவிட்டார்கள். அடுத்து பிளாஸ்டிக் வந்தது. உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் விட்டுப் பழகி, 1969ல் நிரந்தரத் தளம் அமைத்தார்கள்.

ஆனால் கதிர்களுக்கு வாய்ப்பான அதே வானம் பலூனுக்கு எமன். வெப்பமண்டலத்தில் 16, 17 கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 80 டிகிரிக்கும் கீழே இறங்கும். துருவப் பகுதிகளின் மேலேகூட அந்த உயரத்தில் பல நாட்களில் இவ்வளவு குளிர் இருக்காது. சாதாரண பாலிஎத்திலீன் அங்கே விறைத்து நொறுங்கிவிடும். எனவே குளிர் தாங்கும் படலத்தை இங்கேயே உருவாக்கி, நீளக் கீற்றுகளாக வெட்டி, ஓரங்களைச் சூட்டில் ஒட்டிப் பலூனையும் தாங்களே செய்யக் கற்றுக்கொண்டார்கள். வானத்தின் குறைதான் தளத்தை ஒரு தொழிற்கூடமாகவும் ஆக்கியது. நிரந்தரத் தளம் அமைவதற்கு முன்பே, 1968 ஏப்ரலில், ஹைதராபாத்திலிருந்து போன கருவி, ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1 என்ற விண்பொருளின் எக்ஸ் கதிர்களைப் பதிவுசெய்திருந்தது.

2005 ஏப்ரல் 20 அன்று, உயரக் காற்றில் நுண்ணுயிர்கள் உண்டா என்று தேடும் இஸ்ரோவின் ஆய்வுக்காகக் கிளம்பியது 2.67 கோடி கன அடி பலூன். தரையில் அதன் தலைப்பகுதியில் மட்டும் ஹைட்ரஜன் நிரப்புவார்கள். ஹீலியம் இங்கே கட்டுப்படியாகாது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து, 40 கிலோமீட்டரில் அந்த வாயு ஏறத்தாழ 300 மடங்கு விரியும். தொங்கிய கருவியின் எடை 459 கிலோ. உள்ளே திரவ நியானில் அமிழ்ந்த 16 எஃகுக் குழாய்கள், கிருமி நீக்கப்பட்டு, காற்று உறிஞ்சப்பட்டவை. 20 முதல் 41 கிலோமீட்டர் வரை வெவ்வேறு உயரங்களில் அவற்றைத் திறந்து காற்றைப் பிடித்தார்கள். வேலை முடிந்ததும் கருவியைப் பலூனிலிருந்து கழற்றிவிட்டால் பாராசூட்டில் இறங்கும்.

எங்கே இறங்கும் என்பது காற்றின் கையில். அதனால்தான் ஒவ்வொரு பருவத்திலும் தெலங்கானா, கர்நாடகம், மகாராஷ்டிர கிராமங்களுக்கு அறிவிப்பு வரும்: பெட்டியைத் திறக்காதீர்கள், காவல் நிலையத்தில் சொல்லுங்கள், சன்மானம் உண்டு.

குழாய்களின் காற்றை ஹைதராபாத், புனே ஆய்வகங்கள் தனித்தனியே சோதித்தன. 12 பாக்டீரியாக் குழுமங்களும் 6 பூஞ்சைக் குழுமங்களும் வளர்ந்தன. அவற்றில் மூன்று பாக்டீரியாக்கள் அறிவியலுக்குப் புதியவை. தம் நெருங்கிய இனங்களைவிடப் புறஊதாக் கதிரைக் கூடுதலாகத் தாங்கின. 2009ல் வெளியான முடிவில் அவற்றுக்கு வானியலாளர் ஃபிரெட் ஹாயில், இஸ்ரோ, ஆரியபட்டர் பெயர்களை வைத்தார்கள். இவை வேற்றுலகிலிருந்து வந்தவை என்று நிரூபணமாகவில்லை என்பதை இஸ்ரோ அப்போதே சொல்லிவிட்டது. பின்னாளில் ஆரியபட்டர் பெயர் கொண்ட பாக்டீரியா பயிர்களின் வேரடி மண்ணிலும் அகப்பட்டது. இப்போது அது பயிர் வளர்ச்சிக்கு உதவுமா என்று சோதிக்கிறார்கள்.